லிஸ்ட்மங்க்: முகவரிகளைக் கழிக்கத் துணிந்தவர்களுக்கான மென்பொருள்

நாகர்கோவிலில் இருந்தபடி மூன்று சிறு தொழில்களுக்கு மின்னஞ்சல் மடல்களை அனுப்பித் தரும் வேலையைச் செய்கிறேன். ஒன்று, மார்த்தாண்டத்தில் தேனும் கருப்பட்டியும் கிராம்பும் விற்கும் கடை. மற்றொன்று, கன்னியாகுமரிக் கடற்கரைக்கு அருகில் உள்ள தங்கும் விடுதி. மூன்றாவது, பரதநாட்டியக் கலைஞர்களுக்காகக் கோவில் நகைகளைச் செய்து வெளிநாடுகளுக்கும் அனுப்பிவைக்கும் வடசேரிப் பட்டறை. இம்மூன்றின் சந்தாதாரர் பட்டியல்களையும் மொத்தமாக மடல் அனுப்ப உதவும் லிஸ்ட்மங்க் என்னும் மென்பொருளில் ஏற்றி, ஐயப்ப பக்தர்கள் குமரிமுனைக்குத் திரண்டு வரும் கார்த்திகை, மார்கழி, தை மாதங்கள் உட்பட ஒரு முழு சீசன் பயன்படுத்திப் பார்த்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். மென்பொருளில் என்னென்ன வசதிகள் இருக்கின்றன என்று அடுக்குவதைக் காட்டிலும், அனுப்பிய மடல் வாசகரின் இன்பாக்ஸில் போய் விழுவதற்கு அது எவ்வளவு துணை செய்கிறது என்பதையே இங்கு அளவுகோலாகக் கொண்டிருக்கிறேன்.

லிஸ்ட்மங்க், பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதாவின் தொழில்நுட்பத் தலைவர் கைலாஷ் நாத் உருவாக்கி 2019-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். கோ (Go) என்னும் நிரல் மொழியில் எழுதப்பட்ட ஒரே ஒரு இயங்கு கோப்பும், அதற்குத் துணையாக ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் இருந்தால் போதும். மாத வாடகைக்குக் கிடைக்கும் மிகச் சிறிய சர்வரிலேயே திணறாமல் ஓடுகிறது. உரிமக் கட்டணம் இல்லை. சந்தாதாரர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பும் இல்லை. இடைமுகத்தை மலையாளத்துக்கு மாற்றிக்கொள்ளும் வசதி இருப்பது, மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள சில கடைக்காரர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாக இருக்கலாம்.

இதைப் பயன்படுத்த வருபவர்கள் முதலிலேயே புரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. லிஸ்ட்மங்க் மடல்களைத் தயாரிக்கும், பட்டியலைப் பராமரிக்கும், யாருக்கு எப்போது போக வேண்டும் என்று வரிசைப்படுத்தும். ஆனால் மடலைச் சுமந்துகொண்டு ஜிமெயில் வாசலுக்குப் போகும் வேலையை அது செய்வதில்லை. அதற்குத் தனியாக ஓர் எஸ்எம்டிபி சேவை, அதாவது மடலைக் கொண்டுசேர்க்கும் சேவை, தேவை. வாடகைக்கு எடுத்த சர்வரிலிருந்தே நேரடியாக அனுப்பிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பல சர்வர் நிறுவனங்கள் மடல்கள் வெளியே போகும் வழியான 25-ஆம் எண் போர்ட்டை அடைத்தே வைத்திருக்கின்றன. அது திறந்திருந்தாலும், நேற்றுவரை யாரும் கேள்விப்படாத ஓர் ஐபி முகவரியிலிருந்து திடீரென்று வரும் நூற்றுக்கணக்கான மடல்களை எந்தப் பெரிய அஞ்சல் நிறுவனமும் நம்பி ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே நான் மூன்று பட்டியல்களுக்கும் அமேசானின் மடல் அனுப்பும் சேவையான எஸ்இஎஸ்ஸின் மும்பை மையத்தைப் பயன்படுத்தினேன்.

எஸ்இஎஸ் கட்டணம் 1,000 மடல்களுக்கு 0.10 அமெரிக்க டாலர். சந்தாதாரர் எண்ணிக்கையைக் கணக்கிட்டுக் காசு வாங்கும் சேவைகளோடு ஒப்பிட்டால் இதைச் செலவு என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். ஆனால் விலையைவிட எனக்குப் பிடித்தது அதன் கண்டிப்பு. புதிதாகக் கணக்குத் தொடங்குபவரை முதலில் சோதனை வளையத்துக்குள்தான் வைக்கிறார்கள். அங்கே 24 மணி நேரத்தில் 200 மடல்களுக்கு மேல் அனுப்ப இயலாது, அதுவும் முன்கூட்டியே சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டுமே. வளையத்தை விட்டு வெளியே வர, யாருக்கு அனுப்பப் போகிறீர்கள், அந்த முகவரிகள் உங்களுக்கு எப்படிக் கிடைத்தன, விலக விரும்புபவரை என்ன செய்வீர்கள் என்ற கேள்விகளுக்கு எழுத்தில் விடை கொடுத்து அனுமதி பெற வேண்டும். அதன் பிறகும் திரும்பி வரும் மடல்கள் 5 விழுக்காட்டை எட்டினால் கணக்கை ஆய்வுக்கு எடுக்கிறார்கள், 10 விழுக்காட்டைத் தாண்டினால் நிறுத்திவைக்கலாம். ஸ்பேம் என்று வரும் புகார்களுக்கான எல்லைகள் முறையே 0.1 விழுக்காடும் 0.5 விழுக்காடும். எங்கிருந்தோ வாங்கிய பட்டியலை வைத்துக்கொண்டு இந்தக் கோடுகளுக்குள் நிற்க யாராலும் முடியாது. அதைத்தான் விரும்பினேன்.

அடுத்து வருவது டொமைன், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர், தொடர்பான வேலை. லிஸ்ட்மங்க் இதில் எந்த உதவியும் செய்யாது, செய்வதாகச் சொல்லவும் இல்லை. மார்த்தாண்டம் கடை அதுவரை தன் இலவச ஜிமெயில் முகவரியையே அனுப்புநராகக் காட்டி, வேறொரு சேவை வழியாக மடல் அனுப்பிக்கொண்டிருந்தது. அனுப்புநர் முகவரியில் ஜிமெயில் என்று இருக்க, கையொப்பம் வேறொரு டொமைனுடையதாக இருந்தால் அனுப்புநர் உண்மையானவர்தானா என்று பார்க்கும் டிமார்க் சோதனையில் அந்த மடல் தேறாது. எனவே கடைக்குச் சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி, எஸ்இஎஸ் கொடுக்கும் மூன்று சிநேம் பதிவுகளை டொமைனின் விவரப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் சேர்த்து, மடல் நம்முடையதே என்று காட்டும் டிகேஐஎம் கையொப்பத்தை அமைத்தோம். எந்தச் சர்வர்கள் நம் பெயரில் அனுப்பலாம் என்பதைச் சொல்லும் எஸ்பிஎஃப் பதிவையும், இவ்விரண்டிலும் தேறாத மடலை என்ன செய்வது என்று பெறுபவருக்கு அறிவிக்கும் டிமார்க் பதிவையும் அதன் பின் எழுதினோம். எஸ்பிஎஃப் பதிவைச் சரிபார்க்கும்போது 10 முறைக்கு மேல் டிஎன்எஸ்ஸைத் தேடக் கூடாது என்ற வரம்பு இருப்பதால், முன்பு பயன்படுத்திக் கைவிட்ட சேவைகளின் பெயர்களை அதில் விட்டுவைப்பது ஆபத்து. விடுதியின் பழைய பதிவில் அப்படிப்பட்ட எச்சங்கள் நிறையவே கிடந்தன.

இவையெல்லாம் முன்பு விரும்பினால் செய்துகொள்ளும் வேலைகளாக இருந்தன. இப்போது விருப்பத்துக்கு இடமில்லை. ஒரு நாளில் 5,000 மடல்களுக்கு மேல் ஜிமெயில் பயனர்களுக்கு அனுப்புபவர்கள் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் 2024 பிப்ரவரி முதல் விதித்திருக்கிறது. யாகூவும் அதே காலத்தில் அதே போன்ற விதிகளைக் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்ட் தன் அவுட்லுக் பயனர்களுக்கு 2025 மே மாதம் முதல் அதைப் பின்பற்றுகிறது. விளம்பர மடல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி இருக்க வேண்டும், விலகியவரை இரண்டு நாள்களுக்குள் நீக்க வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 விழுக்காட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பன கூகுளின் மற்ற நிபந்தனைகள். நாம் சின்னக் கடைதானே, 5,000 எங்கே அனுப்பப் போகிறோம் என்று நினைத்து இருந்துவிடுவதும் சரியில்லை. அந்த எண்ணிக்கையை ஒரே ஒரு நாள் எட்டினால்கூட அந்த டொமைனை நிரந்தரமாகவே பெரும் அனுப்புநர் வகையில் சேர்த்துவிடுகிறார்கள். பொங்கல் வாழ்த்து ஒன்று போதும்.

விலகும் வசதியில் லிஸ்ட்மங்க் சொன்னதைச் செய்கிறது. மடலின் தலைப்பகுதியிலேயே விலகல் இணைப்பைச் சேர்ப்பதால், ஜிமெயிலில் அனுப்புநரின் பெயருக்கு அருகிலேயே விலகுவதற்கான பொத்தான் தோன்றுகிறது. விலகுபவர் ஒரு பட்டியலிலிருந்து மட்டும் விலகலாம். இனி எந்த மடலுமே வேண்டாம் என்று தன்னை முழுமையாகத் தடைப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். நாம் அனுமதித்திருந்தால், தன்னைப் பற்றி நாம் சேமித்த தகவல் அனைத்தையும் தரவிறக்கிப் பார்க்கலாம், அழித்துவிடவும் செய்யலாம். ஒப்புதலை எவ்வளவு எளிதாகக் கொடுத்தாரோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் ஒருவருக்கு வழி இருக்க வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தை மனத்தில் வைத்துப் பார்த்தால் இந்த மென்பொருளின் அமைப்பில் குறை காண்பது கடினம்.

இனி, பட்டியல். இரண்டு தொழில்களின் பட்டியல்கள் இரண்டு விதமாகக் கெட்டுப்போயிருந்தன. வடசேரிப் பட்டறையினுடையதை மட்டும் கெட்டது என்று சொல்வது நியாயமில்லை, ஏனெனில் அங்கே நகை வாங்கியவர்களும் விலை கேட்டு எழுதியவர்களும் தவிர வேறு யாருமே இல்லை. மார்த்தாண்டம் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கும். தேன் வாங்குபவர்கள் அதில் பெயரையும் மின்னஞ்சலையும் எழுதிவிட்டுப் போவார்கள். கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்தவர் 'ஜிமெயில்' என்பதையே பல விதமாக எழுதியிருந்தார். வளைகுடா நாட்டில் இருக்கும் மகனின் முகவரியைக் கொடுத்துவிட்டுப் போன பெற்றோரும் அந்த நோட்டில் உண்டு. விடுதியின் பட்டியல் இன்னும் சிக்கலானது. அறை பதிவு செய்தவர்களின் முகவரிகள் என்ற பெயரில் சேர்ந்திருந்தவற்றில் கணிசமானவை, முன்பதிவுத் தளங்கள் விருந்தினருக்கும் விடுதிக்கும் நடுவே உருவாக்கிக் கொடுக்கும் தற்காலிக மறைமுகவரிகள். விருந்தினர் ஊருக்குத் திரும்பிய சில காலத்தில் அவை செயலிழந்துவிடும். செயலில் இருக்கும்போதும் அவை தங்கும் ஏற்பாடு பற்றிய பேச்சுக்காக மட்டுமே கொடுக்கப்பட்டவை. அந்த முகவரிக்குச் சலுகை மடல் அனுப்புவதற்கு விடுதிக்கு எந்த உரிமையும் இல்லை.

இவற்றைப் பிரித்தெடுக்க லிஸ்ட்மங்க் கொடுக்கும் வழி, தரவுத்தள வினவலை நேரடியாகவே எழுதும் வசதி. ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஊர், மொழி, எப்போது வாங்கினார், எதை வாங்கினார் என்று நாம் விரும்பும் குறிப்புகளை இணைத்துவைத்து, பிறகு அந்தக் குறிப்புகளைக் கொண்டே வடிகட்டலாம். குறிப்பிட்ட மறைமுகவரி டொமைன்களில் முடியும் எல்லா முகவரிகளையும் ஒரே வரியில் தேடிப் பிடித்துத் தடைப்பட்டியலுக்கு மாற்ற முடிந்தது; அதே டொமைன்கள் இனிமேல் உள்ளே நுழையாதபடி அமைப்புப் பக்கத்தில் அடைத்துவைக்கவும் முடிந்தது. ஆனால் அந்த வினவலை எழுதும் மொழியான எஸ்க்யூஎல் அறியாத ஒருவருக்கு இந்த வசதி பூட்டிய அறைதான். பெட்டிகளைச் சொடுக்கி நிபந்தனைகளைச் சேர்க்கும் கட்டணச் சேவைகளின் எளிமை இங்கே கிடையாது.

இரட்டை ஒப்புதல் முறையை லிஸ்ட்மங்க் பட்டியல் அளவிலேயே வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பட்டியலை இரட்டை ஒப்புதல் வகையாக அறிவித்துவிட்டால், உறுதிப்படுத்தும் மடலில் உள்ள இணைப்பைச் சொடுக்காத எவருக்கும் அந்தப் பட்டியலின் வழியாக எதுவும் போகாது. மறந்துபோய் நாமே அனுப்பிவிடவும் இடமில்லை. தவறாக எழுதப்பட்ட முகவரி, பிறருடைய முகவரி, விளையாட்டாகக் கொடுத்த முகவரி, ஸ்பேம் அனுப்புநர்களைப் பிடிப்பதற்கென்றே கண்ணியாக வைக்கப்பட்டிருக்கும் முகவரி ஆகிய நான்கும் இந்த ஒரே வாசலில் நின்றுவிடுகின்றன. கல்லாப் பக்கத்து நோட்டை எடுத்துவிட்டு, கியூஆர் குறியை ஒட்டி, வாடிக்கையாளரே தன் கைபேசியில் முகவரியைத் தட்டச்சு செய்து உறுதிப்படுத்தும்படி மாற்றினோம். சேருபவர்கள் குறைந்தார்கள் என்பது உண்மை. உறுதிப்படுத்தாமல் தேங்கிக் கிடக்கும் பதிவுகளைக் குறிப்பிட்ட தேதிக்கு முந்தையவை என்று சொல்லி மொத்தமாக அழிக்க 'பராமரிப்பு' என்றொரு பக்கமும் இருக்கிறது. எந்தப் பட்டியலிலும் இல்லாமல் அநாதையாக நிற்கும் முகவரிகளையும் அங்கிருந்தே களையலாம்.

முதல் முறை களை எடுத்துவிட்டு எண்ணிக்கையைக் காட்டியபோது கடையின் உரிமையாளர் திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பேரைக் குறைச்சா கடையே சுருங்குன மாதிரில்லா இருக்கு, மக்கா" என்றார். அவருடைய வருத்தத்தில் பொருள் இல்லாமல் இல்லை. ஆண்டுக்கணக்கில் சேர்த்த பெயர்கள் அவை. ஆனால் ஜிமெயில் ஒரு டொமைனை எடைபோடும்போது அதிலிருந்து எத்தனை மடல் வருகிறது என்று வியப்பதில்லை. வரும் மடல்களை எத்தனை பேர் திறக்கிறார்கள், பதில் எழுதுகிறார்கள், எத்தனை பேர் படிக்காமலே அழிக்கிறார்கள், எத்தனை பேர் ஸ்பேம் என்று குறிக்கிறார்கள் என்பதையே பார்க்கிறது. மடலை ஒருபோதும் திறக்காத முகவரிகள் பட்டியலில் கூடக்கூட, விருப்பத்தோடு காத்திருக்கும் வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய மடலும் அவற்றோடு சேர்ந்து ஸ்பேம் பெட்டிக்குள் போகிறது.

இந்த இடத்தில்தான் லிஸ்ட்மங்க் பற்றிய என் முக்கியமான தயக்கத்தைச் சொல்ல வேண்டும். சந்தாதாரர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் வாங்கும் சேவைகளை நாம் திட்டுகிறோம். விலகிப் போனவர்களைக்கூடக் கணக்கில் சேர்த்துக் கட்டணம் கேட்கும் சேவைகளும் உண்டு. ஆனாலும் மாதந்தோறும் வரும் அந்தப் பில், பயனற்ற பெயர்களை எடுத்துவிடு என்று நம்மை நெருக்கிக்கொண்டே இருந்தது. லிஸ்ட்மங்கில் பத்துப் பெயர் இருந்தாலும் பத்தாயிரம் பெயர் இருந்தாலும் சர்வர் வாடகை மாறுவதில்லை, மடலுக்கான செலவும் சில்லறைக் காசு. குப்பையைச் சேர்த்துவைப்பதற்கு எந்தத் தண்டனையும் கிடையாது. தண்டனை பிறகு, கண்ணுக்குத் தெரியாமல், இன்பாக்ஸில் இடம் பறிபோவதாக வருகிறது. இலவச மென்பொருளுக்கு மாறியவர்கள் சில மாதங்களில் மடல் போய்ச் சேரவில்லை என்று குறைபட்டுக்கொள்வதற்கு மென்பொருளைக் காட்டிலும் இந்த விலை அமைப்பே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

திரும்பி வரும் மடல்களைக் கையாள்வதில் மென்பொருள் நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் இயக்கிவிட்டால்தான். பவுன்ஸ் கையாளும் பகுதி தொடக்கத்தில் அணைந்த நிலையிலேயே இருக்கும். அதை இயக்கி, எஸ்இஎஸ் தரும் அறிவிப்புகள் லிஸ்ட்மங்குக்கு வந்து சேரும்படி இணைக்க வேண்டும். முகவரியே இல்லை என்று 550 எண்ணோடு வரும் நிரந்தர மறுப்பு, பெட்டி நிரம்பிவிட்டது அல்லது சர்வர் தற்காலிகமாக ஏற்கவில்லை என்று வரும் தற்காலிக மறுப்பு, ஸ்பேம் புகார் ஆகிய மூன்றையும் அது பிரித்து அறிகிறது. எத்தனையாவது முறையில் விலக்க வேண்டும், தடைப்பட்டியலில் சேர்க்க வேண்டுமா, அழித்தேவிட வேண்டுமா என்பதை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நாம் நிர்ணயிக்கலாம். நிரந்தர மறுப்புக்கு முதல் முறையிலேயே தடை, தற்காலிக மறுப்புக்குச் சில வாய்ப்புகள் என்று நான் வைத்திருக்கிறேன். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்குகளைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நீக்கத் தொடங்கியிருப்பதால், நேற்றுவரை உயிரோடிருந்த பழைய ஜிமெயில் முகவரி இன்று நிரந்தர மறுப்பாகத் திரும்பி வருவது இனி வழக்கமான ஒன்றாகவே இருக்கும். அழிப்பதைவிடத் தடைப்பட்டியலில் வைப்பதே நல்லது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அழித்த முகவரி அடுத்த இறக்குமதியில் மறுபடியும் புதிய சந்தாதாரராக உள்ளே வந்துவிடும்.

புகார் விஷயத்தில் பலருக்கும் தெரியாத ஓர் ஓட்டை இருக்கிறது. யார் ஸ்பேம் என்று குறித்தார் என்ற தகவலை ஜிமெயில் அனுப்புநருக்குத் தனித்தனியாகத் திருப்பி அனுப்புவதில்லை. நம் ஊரில் மின்னஞ்சல் என்றாலே பெரும்பாலும் ஜிமெயில்தான் என்பதால், லிஸ்ட்மங்கின் புகார்க் கணக்கு வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்து நிம்மதி அடைவது வீண். கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் பக்கத்தில் நம் டொமைனைப் பதிவு செய்து, அங்கே காட்டப்படும் விழுக்காட்டைத்தான் கவனிக்க வேண்டும், 0.1-க்குக் கீழே வைத்திருங்கள் என்பது கூகுளின் அறிவுரை. போதிய எண்ணிக்கையில் மடல் போகாத நாள்களில் அந்தப் பக்கமும் எதையும் காட்டாது. வடசேரிப் பட்டறைக்கு அது எப்போதும் வெறுமையாகவே இருக்கிறது. அங்கே எனக்குக் கிடைக்கும் ஒரே அளவுகோல், மடலைப் பார்த்துவிட்டு வாடிக்கையாளர்கள் எழுதும் பதில்கள். நெற்றிச்சுட்டி எத்தனை நாளில் கிடைக்கும் என்று கேட்டு வரும் ஒரு பதில், எந்த வரைபடத்தையும்விட எனக்கு நம்பகமானது.

படிக்காத சந்தாதாரர்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்ற கேள்வியில் மென்பொருளின் கொள்கையும் நடைமுறைத் தேவையும் மோதிக்கொள்கின்றன. யார் திறந்தார், யார் எந்த இணைப்பைச் சொடுக்கினார் என்று தனிநபர் அளவில் கண்காணிப்பது லிஸ்ட்மங்கில் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. மொத்தக் கணக்கு மட்டுமே தெரியும். அந்தரங்கத்தை மதிக்கும் இந்த ஏற்பாட்டை நான் பாராட்டுகிறேன். ஆயினும் ஓராண்டாக ஒன்றையுமே தொடாதவர் யார் என்று அறிய இயலாவிட்டால் அவரைப் பட்டியலிலிருந்து விடுவிக்கவும் இயலாது. நான் கடைக்கு மட்டும், பதிவுப் படிவத்திலேயே அதைத் தெரிவித்துவிட்டு, தனிநபர் கண்காணிப்பை இயக்கினேன். திறப்புக் கணக்கை நம்ப வேண்டாம் என்று இங்கேயே எச்சரிக்கிறேன்: 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த அஞ்சல் அந்தரங்கப் பாதுகாப்பு, வாசகர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் மடலில் உள்ள படங்களை முன்கூட்டியே எடுத்துவைத்துவிடுவதால், ஆப்பிளின் அஞ்சல் செயலியில் அதை இயக்கியிருப்பவர்கள் பெரும்பாலும் எல்லா மடலையும் திறந்தவர்களாகவே தோன்றுவார்கள். சொடுக்கும் வாங்குதலும்தான் ஓரளவு நம்பத்தக்கவை. ஓராண்டாக இரண்டும் இல்லாதவர்களுக்கு, இனியும் அனுப்பலாமா என்று ஒரே ஒரு மடல் எழுதிக் கேட்டுவிட்டு, பதில் இல்லையென்றால் நிறுத்திவிடுவது நான் கடைப்பிடிக்கும் முறை.

தமிழில் மடல் எழுதுபவர்களுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலையும் குறிப்பிட வேண்டும். மடலின் அளவு ஏறத்தாழ 102 கேபியை (கிலோபைட்டை) தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டி மறைத்துவிடுகிறது. நாம் கடைசியில் வைக்கும் விலகல் இணைப்பும் அந்த வெட்டில் போய்விடும். இணைப்பைக் காணாத வாசகருக்குக் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது ஸ்பேம் பொத்தான். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்ளும், மெய்க்கு மேலே இடும் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனியே எண்ணப்படும். 'கன்னியாகுமரி' என்று எழுதினால் 12 குறிகள், 36 பைட்டுகள். ஆகையால் அலங்காரம் மிகுந்த வார்ப்புருவில் நீண்ட தமிழ்க் கட்டுரையைப் போட்டால், ஆங்கில மடலைக் காட்டிலும் மிக விரைவில் அந்த எல்லையைத் தொட்டுவிடுவோம். லிஸ்ட்மங்கில் மடலின் வடிவமைப்பைச் சொல்லும் எச்டிஎம்எல் குறிகளை நாமே எழுத முடிவதால் தேவையற்ற அடுக்குகளை நீக்கி மடலை ஒல்லியாக வைத்திருக்க முடிந்தது. விலகல் இணைப்பை முதல் பத்திக்குக் கீழேயே இன்னொரு முறை வைத்திருக்கிறேன். தலைப்பு வரியில் தமிழ் எழுத்துகள் உடைந்து கட்டங்களாகத் தெரியும் நோய் முன்பு பயன்படுத்திய ஒரு சேவையில் இருந்தது. இதில் நான் அதைப் பார்க்கவில்லை.

அனுப்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்புகள் விடுதிக்கு மிகவும் உதவின. ஆண்டில் எட்டு மாதம் வாய்மூடி இருந்துவிட்டு, கார்த்திகை பிறந்ததும் ஒரே நாளில் பட்டியல் முழுவதற்கும் மடலைக் கொட்டுவது விடுதிகளின் பழக்கம். மறந்துபோன அனுப்புநரிடமிருந்து திடீரென்று வரும் வெள்ளத்தை வடிகட்டிகள் சந்தேகத்தோடு பார்ப்பது இயற்கை. சென்ற ஆண்டு ஒரே ஓர் இரவு தங்கிச் சூரிய உதயம் பார்த்துவிட்டுப் போனவருக்கும் அந்த விடுதியின் பெயர் நினைவில் இருக்காது. ஒரு நொடிக்கு இத்தனை, ஒரு குறிப்பிட்ட நேர இடைவெளிக்குள் மொத்தம் இத்தனை என்று லிஸ்ட்மங்கில் வரம்பு வைக்கலாம். பிழைகள் நாம் குறித்த எண்ணிக்கையைத் தாண்டினால் மடல் தானாகவே நின்றுவிடும். புரட்டாசி முதலே, அண்மையில் தங்கியவர்கள், அவர்களுக்கு முந்தையவர்கள் என்று சிறு கூறுகளாகப் பிரித்து அனுப்பத் தொடங்கியதால் சீசன் நேரத்தில் தடங்கல் ஏற்படவில்லை. ஒருவரே பல பட்டியல்களில் இருந்தாலும் ஒரு மடல்தான் அவருக்குப் போகும் என்பது சின்ன விஷயம், ஆனால் பெரிய நிம்மதி.

குறைகளையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த மூன்றாம் நாள் ஒரு மடல், பத்தாம் நாள் இன்னொரு மடல் என்று தானாகத் தொடரும் வரிசைகளை அமைக்கும் வசதி இதில் கிடையாது. வேண்டுமென்றால் வெளியே நிரல் எழுதித்தான் இணைக்க வேண்டும். சர்வரைப் புதுப்பிப்பது, தரவுத்தளத்தை நாள்தோறும் பிரதி எடுத்து வேறிடத்தில் வைப்பது, நிர்வாகப் பக்கத்தைப் பாதுகாப்பது எல்லாம் உரிமையாளரின் தலையில்தான். இரவில் ஏதாவது நின்றுபோனால் தொலைபேசியில் அழைக்க ஆள் கிடையாது. பல பயனர்களுக்குத் தனித்தனி அதிகாரம் கொடுக்கும் வசதி பிற்காலப் பதிப்புகளில்தான் வந்தது. பழைய பதிப்பை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் அதற்காகவே புதுப்பிக்கலாம்.

வடசேரிப் பட்டறைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை: சிறிய பட்டியல், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வாங்கிய வரலாறு, எப்போதாவது ஒரு மடல். மார்த்தாண்டம் கடையும் இதிலேயே தொடரும். அங்கே மாதம் ஒருமுறை பராமரிப்புப் பக்கத்தைத் திறந்து பார்க்க நான் இருக்கிறேன், உரிமையாளரும் இப்போது மொத்த எண்ணிக்கையைக் கேட்பதை விட்டுவிட்டுத் தேன் எடுக்கும் காலத்து மடலுக்கு எத்தனை ஆர்டர் வந்தது என்று கேட்கிறார். விடுதியை மட்டும் சீசன் முடிந்ததும் கட்டணச் சேவை ஒன்றுக்கே திருப்பிவிட்டேன். வரவேற்பு மேசையில் ஆள்கள் அடிக்கடி மாறும் இடம் அது. எஸ்க்யூஎல் எழுதவோ பவுன்ஸ் அறிக்கை படிக்கவோ அங்கே யாருக்கும் நேரமில்லை, ஒவ்வொரு வாரமும் முன்பதிவுத் தளங்களிலிருந்து புதிய மறைமுகவரிகள் பட்டியலுக்குள் வந்துகொண்டே இருக்கின்றன. சந்தாதாரர் எண்ணிக்கைக்கு ஏற்ப மாதம்தோறும் பில் வரட்டும் என்று மேலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.